‘புட் ஓஃப்’ என்றால் நின்றுபோச்சா?

சாதாரண தரப் பரீட்சை நெருங்கினால் நமதூர்ப் பிள்ளைகளின் கொப்பிகளில் ஒரே பட்டியல்தான்: நூறு பிரேசல் வேர்ப்ஸ், ஐம்பது இடியம்ஸ். இந்தப் பக்கம் ஆங்கிலம், அந்தப் பக்கம் தமிழ். இரவிரவாகப் பாடமாக்குகிறார்கள். பரீட்சை முடிந்து ஒரு வாரத்தில் எல்லாம் மறந்துபோகும். இந்தப் பட்டியல் படிப்பை நிறுத்த வேண்டும் என்பதே ஆங்கிலம் படிப்பிக்கும் எமது அபிப்பிராயம்.

ஏதோ புதுச் சங்கதி என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். தமிழில் இதே வேலையைச் சின்ன வயதிலேயே செய்து பழகியவர்கள்தானே! ‘விட்டுக்கொடு’ என்றால் எதை விடுகிறோம், எதைக் கொடுக்கிறோம்? ‘தம்பியைப் பார்த்துக்கொள்’ என்று உம்மா சொன்னால் எந்தப் பிள்ளையாவது தம்பியை முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்குமா? ‘லுக் ஆஃப்டர்’ அதுவேதான். ‘சாப்பிடு’ வேறு, ‘சாப்பிட்டுவிடு’ வேறு. அப்படியே ‘ஈட்’ வேறு, ‘ஈட் அப்’ வேறு. மிச்சம் வைக்காமல் முடி என்பதை நமக்கு ‘விடு’ சொல்கிறது, அவர்களுக்கு ‘அப்’ சொல்கிறது. இதைக் காட்டிவிட்டால் ‘டிரிங்க் அப்’, ‘யூஸ் அப்’ இரண்டையும் பிள்ளை தானாகவே ஊகித்துவிடும். (எல்லா ‘அப்’பும் இப்படியல்ல. ‘கிவ் அப்’ வேறு கதை.)

ஒப்பிடும்போது கவனமும் வேண்டும். ஆங்கிலத்தில் ஒருவரின் காலை இழுப்பது வெறும் பகிடி. நமது ‘காலை வாருவது’ துரோகம். சொல்லுக்குச் சொல் போட்டால் கூட்டாளி எதிரியாகிவிடுவான்.

புள்ளி குறைந்தால் அடுத்த முறை எடுக்கலாம். வேலை போனால்? எமக்குத் தெரிந்த தம்பி ஒருவருக்கு நேர்முகப் பரீட்சை ‘புட் ஓஃப்’ என்று குறுந்தகவல் வந்தது. லைட் ஓஃப், ஃபேன் ஓஃப் என்றே பழகியவர், இதுவும் ஓஃப் என்று நினைத்து, கீழே இருந்த புதுத் திகதியை வாசிக்கவேயில்லை. நின்றுபோனால் ‘கோல் ஓஃப்’. ‘புட் ஓஃப்’ என்றால் தள்ளிப்போடுவது. தமிழிலும் அங்கே ‘போடு’தான் இருக்கிறது, பாருங்கள்! அவர் கொப்பியிலும் அந்தச் சொல் எங்கோ ஒரு வரியில் இருந்திருக்கும்.

பெற்றோரே, டியூஷன் விட்டு வரும் பிள்ளையிடம் ‘இன்றைக்கு எத்தனை பாடமாக்கினாய்?’ என்று கேட்காதீர்கள். ஒன்றை மட்டும் எடுத்து, வீட்டில் நடந்த ஏதாவதொரு விசயத்தை அதை வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு தமிழில் விளக்கட்டும். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும், பிள்ளைக்கு விளங்கியிருக்கிறதா இல்லையா என்று அந்த இடத்திலேயே பிடித்துவிடுவீர்கள்.