பதுங்குகுழியும் ஒரு கரிக்கோட்டு மாதாவும்

"பதுங்குகுழிக்குள்ள நாத்திகன் கிடையாது"ன்னு ஒரு பேச்சு உண்டு. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் அமெரிக்காவில் ரொம்பப் பிரபலமாச்சு. எனக்கு அந்த வசனத்தைக் கண்டாலே ஆகாது. தலைக்கு மேல குண்டு விழும்போது "கடவுளே"ன்னு கத்துறது பயம். அதைப் பக்தின்னு கணக்கெழுதினா நாத்திகனுக்கு மட்டுமில்ல, நிஜமாவே நம்பிக்கையோட இருந்தவனுக்கும் அவமானம்தான்.

குர்ட் ராய்பர்னு ஒருத்தர். ஜெர்மன்காரர். ஒரு கிராமத்துச் சபையில் புராட்டஸ்டண்டு பாதிரியார், கூடவே டாக்டர். ஆல்பர்ட் ஷ்வைட்சருக்கு நண்பர். போரில் 16-வது பன்சர் டிவிஷனுக்கு டாக்டராகப் போய், 1942 நவம்பரில் ஸ்டாலின்கிராடில் சோவியத் படை வளைத்துக்கொண்ட இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் ஒருத்தராக மாட்டிக்கொண்டார்.

தின்ன ரொட்டி இல்லை, காயத்துக்கு மருந்து இல்லை, எலும்பை உறைய வைக்கிற குளிர். அந்தக் கிறிஸ்துமஸுக்கு மனுஷன் ஒரு ரஷ்ய வரைபடத்தைத் திருப்பிப்போட்டு, அதன் பின்பக்கத்தில் கரிக்கட்டையால் படம் வரைந்தார். பெரிய போர்வைக்குள்ளே ஒரு தாய் குழந்தையைப் பொத்தி வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். ஓரத்தில் ஒளி, வாழ்வு, அன்பு என்று மூணு சொல். (புராட்டஸ்டண்டு பாதிரி மாதாவை வரைஞ்சதே கொஞ்சம் ஆச்சரியம்தான்!) பதுங்குகுழிக்குள் வந்த சிப்பாய்கள் அதைப் பார்த்துப் பேச்சு வராமல் நின்றுவிட்டதாக வீட்டுக்கு எழுதியிருக்கிறார்.

அந்தப் படத்தை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கேன். அதில் துப்பாக்கி இல்லை, கொடி இல்லை, ஜெயிக்க வைன்னு ஒரு வேண்டுதலும் இல்லை. "என்னைக் காப்பாத்து"ன்னுகூட அது கேட்கலை. எனக்கு அது சாவுக்குப் பயந்த பக்தியாத் தெரியலை.

இதோட நிறுத்தினா நல்ல கிறிஸ்துமஸ் கதை. ஆனா நிறுத்த முடியாதே. அந்தச் சிப்பாய்கள் இடுப்பில் கட்டியிருந்த பெல்ட்டின் கொக்கியில் 'கடவுள் நம்மோடு'ன்னு பொறிச்சிருக்கும். யாரோட? அவங்க நின்னுக்கிட்டிருந்தது அடுத்தவன் ஊர்ல. அந்தப் போர்வைக்குள்ள ஒரு ரஷ்யத் தாய் இருந்திருந்தா அவளோட கதி என்ன?

கேள்வி சும்மா வாதத்துக்குக் கேட்கிறதில்லை. இதே ஆறாவது படை 1941 ஆகஸ்டில் உக்ரைனில் பீலா த்செர்க்வா என்கிற ஊரில் இருந்தது. பெற்றோரைச் சுட்டுக் கொன்ற பிறகு சுமார் 90 யூதக் குழந்தைகளைத் தண்ணிகூட இல்லாமல் ஒரு வீட்டில் அடைத்து வைத்திருந்தார்கள். 295-வது டிவிஷனின் ராணுவப் பாதிரியார்கள் இரண்டு பேர், ஒருத்தர் கத்தோலிக்கர், இன்னொருத்தர் புராட்டஸ்டண்டு, போய்ப் பார்த்துட்டு மேலதிகாரி க்ரோஸ்கூர்த்திடம் எழுதிக் கொடுத்தார்கள். அவர் தடுத்துப் பார்த்தார். விஷயம் படைத்தளபதி ரைஷனௌ வரைக்கும் போச்சு. அவர் கொல்லச் சொல்லிட்டார். கொன்றார்கள்.

என் மார்க்கு அந்த ரெண்டு பாதிரியார்களுக்குத்தான் முதலில். அன்னைக்கு அவங்க பார்த்துக்கிட்டு நின்னது தங்களோட சாவை இல்லை, எதிரின்னு சொல்லப்பட்டவனோட பிள்ளைங்க சாவை. அந்த இடத்தில் வாயைத் திறக்க வச்ச நம்பிக்கை, தன் உயிர் போகும்போது வர்ற நம்பிக்கையைவிடப் பெரிசு. ஜெயிக்கலைங்கிறது வேற விஷயம்.

அதுக்காக ராய்பரோட படத்தைத் தூக்கி எறியவும் எனக்கு மனசில்லை. ரஷ்யாவில் இருந்தப்பவே அந்த ஊர்க் கிழவிகள், குழந்தைகள் முகங்களை நிறைய வரைஞ்சவர் அவர். அந்த முகங்களைப் பார்த்த கை வரைஞ்ச மாதாதான் அது. ஆனா அந்த ஒரு படத்தைக் காட்டி மொத்தப் படைக்கும் பாவமன்னிப்பு வாங்கித் தர்றாங்க பாருங்க, அதைத்தான் தாங்க முடியலை.

காயம்பட்ட ஓர் அதிகாரி அந்தப் படத்தை விமானத்தில் வெளியே கொண்டுவந்தார். ராய்பர் வரலை. 1943 பிப்ரவரி 2-ம் தேதி எல்லாம் முடிஞ்சப்போ பிடிபட்டது சுமார் 91,000 பேர், ஊர் திரும்பினது ஆறாயிரத்துக்குள்ள. க்ரோஸ்கூர்த் அதே வருஷம் சிறையில் செத்தார். ராய்பர் 1944 ஜனவரியில் யெலபுகா முகாமில். மூலப்படம் பெர்லின் கைசர் வில்ஹெல்ம் நினைவுத் தேவாலயத்தில் 1983-லிருந்து தொங்குது. பிரதி ஒண்ணு ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டு இடிச்ச இங்கிலாந்தின் கவென்ட்ரி தேவாலயத்தில் இருக்கு. இன்னொண்ணு வோல்காகிராடில், அதாவது பழைய ஸ்டாலின்கிராடிலேயே.