புளி போட்ட காசு

"காசைக் கொடுத்துச் சாமான் வாங்குவார்கள், சாமானைக் கொடுத்துக் காசு வாங்குவார்கள். காசைக் கொடுத்துக் காசையே வாங்குகிற மனுஷரை இப்போதுதான் பார்க்கிறேன்!"

என் சம்சாரம் சொன்ன வார்த்தை இது. அதுவும் கடைத்தெருவில் செல்லாத காசு! இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் 2011 ஜூன் மாதத்தோடு செல்லாமற் போய்விட்டன. நான் தேடி அலைவதோ அதற்கும் அரை நூற்றாண்டு முந்திய நயா பைசாவை. அவள் கேட்டதில் தப்பே இல்லை. இருந்தாலும், நேயர்களே, என் கட்சியையும் கொஞ்சம் கேளுங்கள்.

1957 ஏப்ரல் முதல் தேதி நம் நாட்டில் தசாம்ச நாணயம் வந்தது. அதுவரை ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்கு நாலு காலணா. அன்று முதல் ரூபாய்க்கு நூறு நயா பைசா. மளிகைக் கடைகளில் ஒரே ரகளை! ஓரணாவுக்கு ஆறு நயா பைசா, நாலணாவுக்கு இருபத்தைந்து என்று கணக்கு. நாலு தடவை ஓரணா ஓரணாவாகக் கொடுத்தால் இருபத்து நாலுதான் ஆகிறது. அந்த ஒற்றைப் பைசா யாருக்குச் சேர வேண்டும் என்று சண்டை போடாத தெரு உண்டா?

எனக்கு அப்போது எட்டு வயது. ஒரு நாள் சாயங்காலம் அப்பா என் உள்ளங்கையில் ஒரு புத்தம் புது நயா பைசாவை வைத்தார். மாந்தளிர் நிறம்! "செலவழிக்காதேடா, வைத்துக்கொள்" என்றார். என் நாணயப் பைத்தியம் அன்றுதான் ஆரம்பித்தது. பிஸ்கோத்து டப்பா ஒன்றில் குதிரை போட்ட காலணா, சதுர இரண்டணா எல்லாம் சேர்ந்தன.

சில மாதங்களில் அந்த நயா பைசா பழுப்பேறிவிட்டது. பாட்டி குத்துவிளக்குத் தேய்ப்பதைப் பார்த்திருந்தேன் அல்லவா? புளியும் சாம்பலும் எடுத்து அரை மணி நேரம் தேய்த்தேன். பளபளவென்று ஆயிற்று! ஓடிப் போய் அப்பாவிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பிறகு படிப்பு, உத்தியோகம், ஊர் ஊராக மாற்றல். டப்பா பரணுக்குப் போயிற்று. ஓய்வு பெற்றுப் பல வருஷங்கள் கழித்து, வீட்டுக்கு வெள்ளையடித்தபோதுதான் அது மறுபடி கீழே இறங்கியது. நானும் எட்டு வயதுக்கு இறங்கினேன்.

இந்தத் தடவை கண்டதையெல்லாம் சேர்ப்பதில்லை என்று தீர்மானம். நயா பைசாவில் வகைக்கு ஒன்று; ஆனால் ஒவ்வொன்றும் கைபடாததாக இருக்க வேண்டும். வெண்கலத்தில் ஒன்று, 1962-ல் உலோகம் மாறியபின் வந்த நிக்கல் பித்தளையில் ஒன்று, வளைவு வளைவான விளிம்புள்ள இரண்டும் பத்தும், சதுரமான ஐந்து, நிக்கலில் இருபத்தைந்தும் ஐம்பதும். மொத்தம் ஏழே காசு. 1964 ஜூன் முதல் தேதி 'நயா' என்ற அடைமொழியை எடுத்துவிட்டார்களாகையால், இந்த வரிசைக்கு ஆயுள் ஏழு வருஷந்தான்.

ஏழு காசு சேர்ப்பது ஒரு பிரமாதமா என்பீர்கள். தேய்ந்த காசானால் ஒரு மத்தியான்னத்தில் சேர்த்துவிடலாம். கோடிக்கணக்கில் அச்சிட்டார்களே! ஆனால் அத்தனையும் செலவழிக்கத்தானே அச்சிட்டார்கள்? செலவாகாமல் எங்கோ ஒரு மூலையில் தூங்கிவிட்ட காசுதான் அபூர்வம்.

இதற்கு ஓர் அளவுகோல் உண்டு. 1949-ல் அமெரிக்காவில் வில்லியம் ஷெல்டன் என்பவர் ஒன்று முதல் எழுபது வரை மார்க்குப் போடும் முறையை வகுத்தார். இன்று அறுபதும் அதற்கு மேலும் என்றால் புழக்கத்துக்கே போகாத காசு என்று அர்த்தம். விளக்கடியில் காசைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். கைபடாத காசில் வெளிச்சம் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போல் சுற்றி வரும். அச்சு விழுந்த வேகத்தில் உலோகம் ஓடிப் பதிந்த மெல்லிய ரேகைகளின் வேலை அது. சிங்கத்தின் பிடரி, மார்பு ஆகிய மேடான இடங்கள் முதலில் தேயும். அங்கே மெருகு போயிருந்தால் காசு கடைத்தெருவைப் பார்த்துவிட்டது என்று பொருள்.

இவ்வளவும் படித்த நான் ஏமாந்தேன்! நாணயக் கண்காட்சி ஒன்றில் 1957 வெண்கல நயா பைசா தகதகவென்று மின்னியது. அப்பா கொடுத்த காசே திரும்பி வந்தாற்போல் இருந்தது. கேட்ட விலையைக் கொடுத்து வாங்கி வந்தேன். ராத்திரி விளக்கடியில் சாய்த்தால் சக்கரம் சுற்றவில்லை! பூதக்கண்ணாடியை எடுத்தேன். காசு முழுவதும் மயிரிழை போல் கீறல்கள். நிறமும் மாந்தளிர் அல்ல. ஒரு மாதிரியான வெளிறிய ரோஜா நிறம். யாரோ தேய்த்திருக்கிறார்கள்.

பரபரப்போடு பிஸ்கோத்து டப்பாவைத் திறந்து, அப்பாவின் காசைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அறுபது வருஷத்துக்கு மேல் ஆகி மறுபடி கறுத்திருந்தது. ஆனால் கீறல்கள்? அதே கீறல்கள்! அந்த வியாபாரியை எந்த வாயால் திட்டுவேன்? அன்று அப்பா ஏன் பேசாமல் இருந்தார் என்பதும் அப்போதுதான் விளங்கியது. தேய்த்தால் போவது அழுக்கு மட்டும் அல்ல. காசின் மேல்தோலும் போய்விடுகிறது. அதைத் திரும்ப வரவழைக்க எந்த நாணயச் சாலையாலும் முடியாது.

ஆகையால், உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய காசு அகப்பட்டால் புளி வேண்டாம், எலுமிச்சம்பழம் வேண்டாம், விபூதியும் வேண்டாம். பழுப்பு என்பது வெண்கலத்துக்கு வயசின் அழகு. அதை அப்படியே விட்டுவிடுங்கள். விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள். மெத்தென்ற வினைல் உறையில் போடாதீர்கள். நாளடைவில் பச்சை பூத்துக் காசை அரித்துவிடும். நாணயத்துக்கென்றே விற்கும் அட்டை உறைகள் சொற்ப விலைக்குக் கிடைக்கின்றன.

என் வரிசையில் இப்போது ஆறு காசுகள் சேர்ந்துவிட்டன. வெண்கல நயா பைசாவின் இடம் மட்டும் காலி. அப்பாவின் காசை அங்கே வைக்க முடியாது. அதற்கு அந்தத் தகுதி போய்விட்டது. தனி உறையில் போட்டு என் மேஜையில் வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு என் சம்சாரம் அதை எடுத்துப் பார்த்தாள்.

"இது ஒன்றுதான் நீங்கள் காசு கொடுத்து வாங்காத காசு" என்றாள்.