பட்டதாரிகளுக்கான விரைவு செவிலியர் படிப்பு: எங்கு உண்டு, நேர்காணலில் எதை ஆராய்கின்றனர்?

விலங்கியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் போன்ற பாடங்களில் இளநிலைப் பட்டம் பெற்ற ஒருவர் பின்னர் செவிலியராக விரும்பினால், முதலாம் ஆண்டிலிருந்து மீண்டும் தொடங்காமல் குறுகிய காலத்தில் அத்தகுதியைப் பெற இயலுமா? ஒரு புறம் ஜிப்மர், மறு புறம் கதிர்காமம் அரசு மருத்துவக் கல்லூரி என மருத்துவ நிறுவனங்கள் அருகருகே அமைந்துள்ள மூலக்குளம் போன்ற பகுதிகளில் இக்கேள்வி எழுவது இயல்பே. இதற்கான விடை சுருக்கமானது. இந்தியாவில் இயலாது, அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா போன்ற சில நாடுகளில் இயலும். இவ்வேறுபாட்டை அறியாமல் பணத்தையும் ஆண்டுகளையும் செலவிட்டவருக்கு இறுதியில் கிடைப்பது செவிலியர் பதிவாக இராது என்பதால், இதனை விரிவாக விளக்க வேண்டியுள்ளது.

இந்தியாவில் உள்ள வழிகள்

இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்து 2021 ஜூலையில் அரசிதழில் வெளியான ஒழுங்குமுறைகளின்படி, பி.எஸ்சி. நர்சிங் எட்டுப் பருவங்கள் கொண்ட நான்காண்டுப் படிப்பாகும். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகியவற்றில் பெற்ற மதிப்பெண்ணும் நுழைவுத் தேர்வுமே சேர்க்கைக்கு அடிப்படை. அதன்பின் பெற்ற பட்டம் எதுவாயினும் அதற்குச் சலுகை இல்லை. நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரும் வாய்ப்பும் இல்லை. முதுநிலை விலங்கியல் முடித்தவரும் உடற்கூறியலை முதல் வகுப்பிலிருந்தே பயில வேண்டும்.

கலைப்பிரிவில் பயின்றோர் மூன்றாண்டு ஜி.என்.எம். பட்டயப் படிப்பில் சேரலாம். அதனை முடித்துப் பதிவு பெற்றபின் இரண்டாண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. பயின்றால் பட்டதாரிச் செவிலியர் ஆகலாம். மொத்தம் ஐந்தாண்டுகள். இந்த இரண்டாண்டுப் படிப்பையே சிலர் ‘பட்டதாரிகளுக்கான விரைவுப் படிப்பு’ எனப் பிழையாகக் கருதுகின்றனர். தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பும் இரண்டாண்டுகளே. எனினும் அது ஏற்கெனவே பதிவு பெற்ற, பணி அனுபவமுள்ள பட்டதாரிச் செவிலியருக்குரிய முதுநிலைப் படிப்பாகும்.

‘ஆறு மாதத்தில் நர்சிங்’, ‘ஓராண்டில் நர்ஸ்’ என்று விளம்பரப்படுத்தப்படும் பயிற்சிகள், முறையாக நடத்தப்பட்டாலும்கூட, உதவியாளர் பணிக்கானவை மட்டுமே. அவற்றைக் கொண்டு செவிலியராகப் பதிவு செய்துகொள்ள முடியாது. கட்டணம் செலுத்துமுன், அந்நிறுவனத்தின் பெயர் இந்திய நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலில் உள்ளதா, எந்தப் படிப்புக்கு அங்கீகாரம் பெற்றுள்ளது என்ற இரண்டையும் சரிபார்த்தல் வேண்டும். இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் 2025ஆம் ஆண்டு அறிக்கை, 2023இல் உலகளவில் 58 இலட்சம் செவிலியர் பற்றாக்குறை இருந்ததாகக் கணக்கிட்டுள்ளது. இச்சூழலில் நம் நாடு படிப்பின் காலத்தைக் குறைக்காமல் இடங்களைப் பெருக்கும் வழியைத் தேர்ந்தது. 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 157 புதிய அரசு செவிலியர் கல்லூரிகளுக்கு 1,570 கோடி ரூபாய் மதிப்பில் ஒப்புதல் அளித்தது இதன் வெளிப்பாடே. பள்ளிப் படிப்பை முடிப்போருக்கு இது நன்மை பயக்கும். பட்டம் முடித்தபின் மனம் மாறியவருக்கு இதனால் ஒரு பருவம்கூடக் குறையாது. இது நம் கல்வி முறையில் உள்ள குறையே.

வெளிநாடுகளில் எது குறைக்கப்படுகிறது?

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் 1971இல் வேறு துறைப் பட்டதாரிகளுக்கான விரைவு செவிலியர் படிப்பைத் தொடங்கியது. இன்று அந்நாட்டில் இத்தகைய படிப்புகள் ஏறத்தாழ 11 முதல் 18 மாதங்கள் நடைபெறுகின்றன. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இவை இரண்டாண்டு முதுநிலைப் படிப்புகளாக உள்ளன.

இங்கு குறைவது பொதுப் பாடங்களும் கோட்பாட்டுக் கல்வியும் மட்டுமே. நோயாளியின் அருகில் செலவிடும் நேரம் குறைவதில்லை. இங்கிலாந்தில் நெடுங்காலமாக உள்ள விதிப்படி, மூன்றாண்டு மாணவரும் இரண்டாண்டு மாணவரும் 2,300 மணி நேர நேரடிப் பயிற்சியைக் காட்ட வேண்டும். முன்கற்றலைக் கணக்கில் கொள்ளலாமாயினும், அது படிப்பின் பாதியைத் தாண்டக்கூடாது. எனவே விரைவுப் படிப்பு என்பது எளிய படிப்பன்று. விடுமுறை சுருங்கிய, பகுதிநேர வேலைக்கு இடம் தராத படிப்பு. வெளிநாட்டு மாணவர் கட்டணம் முழுவதையும் தாமே ஏற்க வேண்டியிருப்பதால், பகுதிநேர வருவாயை நம்பிக் கடன் பெறுவோர் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

விண்ணப்ப நிலையில் கவனிக்க வேண்டியவை இரண்டு. நம் மூன்றாண்டு இளநிலைப் பட்டத்தை அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில தம் நான்காண்டுப் பட்டத்துக்கு இணையாக ஏற்பதில்லை. மேலும் உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், புள்ளியியல் ஆகியவற்றை முன்னரே பயின்றிருக்க வேண்டும் என்பதும், அவை மிகப் பழைய மதிப்பெண்களாக இருத்தல் கூடாது என்பதும் பல இடங்களில் நிபந்தனை. ஆகவே பாடவாரியான மதிப்பெண் பட்டியலையும் பாடத்திட்ட நகலையும் கல்லூரியிலிருந்து முதலில் பெற்றுக்கொள்வது நன்று.

நேர்காணல்

புதுச்சேரியில் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்குச் சென்டாக் வழியாகச் சேர்க்கை நடைபெறுகிறது. நாம் ‘கலந்தாய்வு’ என அழைப்பது தரவரிசைப்படி இடத்தைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வேயன்றி நேர்காணல் அன்று. அங்கு ‘ஏன் செவிலியராக விரும்புகிறீர்?’ என்று எவரும் வினவுவதில்லை. நுழைவுத் தேர்வின் 100 மதிப்பெண்ணில் செவிலியப் பணிக்கான மனப்பாங்குக்கு 20 மதிப்பெண் உண்டு. அதுவும் கொள்குறி வினாக்களே. ஆகவே இங்கிருந்து வெளிநாட்டுக்கு விண்ணப்பிப்பவர், அந்த வினாவைத் தம் வாழ்வில் முதன்முறையாக அயல்மொழியில் எதிர்கொள்கிறார். மதிப்பெண் மிகுந்தோர் தடுமாறும் இடம் இதுவே.

இங்கிலாந்தில் நேர்காணலுக்கு இத்துணை முக்கியத்துவம் வந்ததற்கு ஒரு பின்னணி உண்டு. ஸ்டாஃபோர்டு மருத்துவமனையில் நோயாளிகள் புறக்கணிக்கப்பட்டதை ஆராய்ந்த பிரான்சிஸ் விசாரணைக் குழு, 2013இல் தன் அறிக்கையை அளித்தது. செவிலியர் படிப்பில் சேர்வோர் குறைந்தது மூன்று மாதங்களாவது நோயாளிகளை நேரடியாகப் பராமரித்திருக்க வேண்டும் என்றும், பரிவும் மனப்பாங்கும் சோதிக்கப்பட வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. அதன்பின் விழுமியங்களை அடிப்படையாகக் கொண்ட தேர்வு முறை அங்கு பரவியது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் மருத்துவ மாணவருக்காக உருவாக்கிய பல்நிலைக் குறுநேர்காணல் முறையையும் பல நிறுவனங்கள் கைக்கொண்டன. இதில் விண்ணப்பதாரர் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குச் சென்று, வெவ்வேறு தேர்வாளர்களைச் சந்திக்கிறார். தேர்வுப் பணியில் நோயாளிகளும் இடம்பெறுவதுண்டு.

வினாக்கள் பெரும்பாலும் சூழ்நிலைகளாக அமையும். உடன் பயிலும் மாணவர் கை கழுவாமல் அடுத்த படுக்கைக்குச் செல்கிறார். நீங்கள் என்ன செய்வீர்? முதியவர் ஒருவர் மருந்தை மறுக்கிறார். அவருடைய மகன் பாலில் கலந்து கொடுக்கச் சொல்கிறார். உங்கள் மறுமொழி யாது? இரண்டாவது வினாவுக்கு நம் பிள்ளைகள் பலர் ‘குடும்பத்தார் சொற்படி கொடுப்பேன்’ என்றே விடையளிக்கத் தலைப்படுவர். நம் வீடுகளில் அதுவே வழக்கம். நோயாளி சுயநினைவுடன் மறுக்கையில் அவருடைய ஒப்புதலே முதன்மையானது, காரணத்தை வினவி மூத்த செவிலியரிடம் தெரிவிக்க வேண்டும் என்பதே அங்கு எதிர்பார்க்கப்படும் விடை. அவ்விடை நம் மருத்துவமனைகளுக்கும் பொருந்தும்.

‘சேவை செய்ய விருப்பம்’ என்னும் தொடரைத் தேர்வாளர்கள் நாளும் கேட்கின்றனர். பக்கவாதத்தால் படுத்த பாட்டிக்குப் படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்த அனுபவம் ஒருவருக்கு இருந்தால், அதைச் சொல்வது மேல்: எவ்வாறு திருப்பினீர், எது கடினமாக இருந்தது, எப்போது பிறர் உதவியை நாடினீர் என. ‘மருத்துவம் கிடைக்காததால் இதற்கு வந்தீரா?’ என்ற வினாவும் வரலாம். நீட் எழுதியது உண்மையாயின் மறைக்கத் தேவையில்லை. மருத்துவர் பணிக்கும் செவிலியர் பணிக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்து இதைத் தேர்ந்தேன் என்று விளக்கத் தெரிந்தால் போதும்.

பிரான்சும், திரும்பி வருதலும்

பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்கள் வாழும் புதுச்சேரிக்குப் பிரான்சின் நடைமுறையும் பொருட்படுத்தத்தக்கது. அங்கு செவிலியர் படிப்பு மூன்றாண்டுகள். பட்டதாரிகளுக்கெனத் தனிக் குறுக்குவழி இல்லை. பழைய போட்டித் தேர்வு 2019 முதல் நீக்கப்பட்டது. மூன்றாண்டுகள் பணியாற்றிச் சமூகக் காப்பீட்டுத் தொகை செலுத்தியோருக்கு 20 நிமிட நேர்காணலும், சிறு எழுத்துத் தேர்வும், எளிய கணக்குகளும் கொண்ட தனித் தேர்வு முறை உள்ளது. அனுபவமிக்க உதவிச் செவிலியர்கள் மூன்று மாதப் பயிற்சிக்குப்பின் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர 2023 ஜூலை ஆணை வழிவகுத்தது. அந்நாடு பட்டத்துக்கு அன்றி வார்டு அனுபவத்துக்கே காலச் சலுகை அளித்துள்ளது.

வெளிநாட்டில் பயின்றபின் இந்தியாவில் பணியாற்ற விரும்புவோர், இந்திய நர்சிங் கவுன்சிலின் ஒப்புதலைப் பெற்ற பின்னரே மாநிலப் பதிவுக்கு விண்ணப்பிக்க இயலும். படிப்பின் காலமும் பயிற்சியின் தன்மையும் அப்போது ஒப்பிட்டுப் பார்க்கப்படும். 16 மாதப் பட்டத்துக்கு ஒப்புதல் கிடைக்கும் எனச் சேர்க்கை முகவர் வாய்மொழியாக உறுதியளித்தால், சேர்வதற்கு முன்பே கவுன்சிலுக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்து மறுமொழி பெற்றுக்கொள்வது அவசியம்.