தசமபாகம் கேட்கக் கூடாத வீடு

மாசி, பங்குனியில் பெரும்போக வெட்டு முடிந்தால், நெல் மூட்டைகளோடு ஒரு கணக்கும் வீட்டுக்கு வரும். சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று எனக் கல்முனையைச் சுற்றியுள்ள ஊர்களில் முஸ்லிம் விவசாயிகள் விளைச்சலில் ஸகாத் என்னும் கட்டாயக் கொடைக்குரிய பங்கைக் கணக்கிடும் காலம் அது. மழையில் விளைந்ததென்றால் பத்தில் ஒன்று. செலவழித்து நீர் இறைத்து விளைந்ததென்றால் இருபதில் ஒன்று.

ஆனால் எல்லோரும் கொடுக்க வேண்டியதில்லை. வஸக் என்ற பழைய அரபு அளவையில் ஐந்து வஸக் தானியத்துக்குக் குறைவாக விளைந்தவர் மீது அந்தக் கடமை இல்லை. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபி மத்ஹப் என்னும் சட்ட மரபு, உமியோடு சேமிக்கப்படும் நெல்லுக்கு அந்த எல்லையைப் பத்து வஸக் ஆக்குகிறது. அதற்குக் கீழே நிற்பவர் ஏழையென்றால், அவர் ஸகாத்தைப் பெறுகிறவர். குர்ஆன் ஒன்பதாம் அத்தியாயத்தில் சொல்லும் எட்டு வகையினரில் முதலில் வருவோர் வறியவர்களும் தேவையுடையவர்களும்தான்.

இதே கிழக்குக் கரையில் வாழும் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கும் பத்தில் ஒன்று தெரிந்த கணக்கு. தசமபாகம் கொடுக்காதவர்களைச் சபிக்கப்பட்டவர்கள் என்று சொல்லும் மல்கியா மூன்றாம் அதிகாரத்தை வைத்துத் தசமபாகப் பிரசங்கம் கேட்காத சபை அரிது. அந்தப் பிரசங்கத்தில் பெரும்பாலும் எல்லை எதுவும் சொல்லப்படுவதில்லை. மாதம் மூன்று இலட்சம் வாங்குகிறவர் 30,000 ரூபாய் கொடுத்தாலும் கையில் 2,70,000 மிஞ்சும். கரைவலை இழுத்து 30,000 தேடுகிறவர் கொடுக்கும் 3,000 ரூபாய், அவர் பிள்ளைகளின் பால்மாவும் கொப்பியும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதத்தைத் தொட்டபோது, அந்த 3,000 ரூபாய் எத்தனை நாள் சோறு என்று அவர் மனைவிக்குத் தெரிந்திருக்கும்.

வேதாகமம் அப்படி எல்லையில்லாமல் கேட்கிறதா? லேவியராகமத்தில் தசமபாகம் நிலத்தின் விளைச்சலுக்கும் மந்தைக்கும் உரியது. நிலமுள்ளவன் கொடுத்தான். உபாகமம் 14ஆம் அதிகாரம் இன்னும் தெளிவானது. மூன்றாம் ஆண்டின் தசமபாகம் ஊர் வாசலிலேயே வைக்கப்பட வேண்டும். சொந்த நிலமில்லாத லேவியரும், அந்நியரும், திக்கற்ற பிள்ளையும், விதவையும் வந்து திருப்தியாகச் சாப்பிட வேண்டும். விதவை அங்கே பங்கு பெற வருகிறவள்.

எருசலேம் ஆலயத்தில் இரண்டு காசு போட்ட ஏழை விதவையைக் காட்டி, இல்லாதவரும் கொடுக்க வேண்டும் என்று சொல்வதுண்டு. மாற்கு 12ஆம் அதிகாரத்தைச் சற்று மேலேயிருந்து வாசிக்க வேண்டும். விதவைகளின் வீடுகளை விழுங்கும் வேதபாரகரை இயேசு கண்டித்து முடித்த உடனேதான் அந்த விதவை வருகிறாள். தன் பிழைப்புக்கிருந்த முழுவதையும் போட்டுவிட்டாள் என்று இயேசு சொல்கிறார். அவளுடைய மனதின் பெருமை குறையவேயில்லை. ஆனால் அவளைக் காக்க வேண்டிய ஆலயம் அவள் கடைசிக் காசையும் வாங்கிக்கொண்டது என்பதும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது.

வருமானத்துக்கேற்பக் கொடுத்த ஒருவரின் பெயரைக் கல்முனையில் ஓர் உயர்தரப் பாடசாலை தாங்கி நிற்கிறது: உவெஸ்லி. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய அந்த ஜோன் உவெஸ்லி ஒக்ஸ்போர்டில் இருந்த காலத்துக் கணக்கு மெதடிஸ்தர்களிடையே பிரசித்தமானது. முதல் ஆண்டு வருமானம் 30 பவுண். 28இல் வாழ்ந்து 2 பவுண் கொடுத்தார். அடுத்த ஆண்டு 60 வந்தது. செலவு அதே 28, கொடை 32. பிறகு 90 வந்தபோது 62, 120 வந்தபோது 92. முதல் ஆண்டில் அவர் கொடுத்தது பத்தில் ஒன்றுகூட இல்லை. நான்காம் ஆண்டில் முக்காற்பங்குக்கும் மேல்.

ஏழைகள் கொடுக்கவே கூடாது என்று யாரும் சொல்ல வரவில்லை. உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்துச் சபைக்குக் கொடுத்த தாய்மாரின் வழக்கம் தமிழ்க் கிறிஸ்தவத்தின் பெருஞ்செல்வம். 1903இல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் தங்கள் பணத்திலேயே தங்கள் மிஷனரி சங்கத்தைத் தொடங்கியபோதும், அவர்களில் பெரிய பணக்காரர் குறைவு. ஆனால் பிடியரிசியின் அளவை அந்தத் தாயின் கைதான் தீர்மானித்தது. இரண்டாம் கொரிந்தியரில் பவுல் வைக்கும் அளவும் அதுவே: அவரவரிடம் உள்ளதற்கேற்ப, கட்டாயமில்லாமல். அங்கே அவர் கேட்ட காணிக்கையும் எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்காகச் சேர்க்கப்பட்டது.

சபைகள் இந்த ஆண்டே செய்யக்கூடியது ஒன்றுண்டு. தசமபாகப் பிரசங்கத்தில் ஓர் எல்லையைச் சொல்லலாம்: கடனில் மூழ்கியவரும், தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாயும் கொடுக்காவிட்டால் சாபம் வராது என்று போதகர் வாய்திறந்து சொல்லலாம். ஆண்டுக் கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கும்போது, கட்டடத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் போனது எவ்வளவு, விதவைக்கும் பிள்ளைக்கும் அந்நியருக்கும் போனது எவ்வளவு என்று இரண்டு வரிகளாக எழுதலாம். அந்த இரண்டாவது வரி வெறுமையாக இருக்கும் சபை, மல்கியாவை எடுப்பதற்கு முன் உபாகமத்தை எடுக்கட்டும்.