எந்தப் பற்றவைப்பு முறை நமக்கு ஏற்றது?

உழவும் நெசவும் மரத்தையும் கயிற்றையும் நம்பியிருந்த காலம் கழிந்துவிட்டது. இன்று கலப்பை இரும்பு, வண்டி இரும்பு, கிணற்று மேட்டிலுள்ள பம்பின் அடிச்சட்டமும் இரும்பு. விசைத்தறியின் உடல் இரும்பாலானது. கைத்தறிக் கூடத்திலுங்கூட ஜக்கார்டுப் பெட்டியைத் தாங்கும் சட்டம் பல இடங்களில் ஆங்கிள் இரும்பால் ஆக்கப்பட்டிருக்கிறது. இரும்பு ஒடிந்தால் அதனைப் பற்றவைத்தாக வேண்டும். ஆதலின் ‘வெல்டிங்’ என்று மக்கள் வழங்கும் பற்றவைப்பு வேலை, முற்காலத்துக் கொல்லுலையைப் போல ஒவ்வோர் ஊருக்கும் இன்றியமையாததாகிவிட்டது.

மழை பெய்து நிலம் பதமாயிருக்கும் வேளையில் கலப்பையின் சட்டம் ஒடிந்து, பட்டறைக்காரரின் வரவை எதிர்நோக்கி இரண்டு நாள் காத்திருந்தால் பதம் போய்விடும். தறியின் ஒரு தாங்கி முறிந்தால் அன்றைய கூலி போயிற்று. இந்த இடரைத் தவிர்க்கவே அங்கத்தினர் பலர் தோளில் மாட்டிச் செல்லத்தக்க சிறு இன்வெர்ட்டர் இயந்திரங்களை வாங்கத் தலைப்பட்டுள்ளனர். இது வரவேற்கத்தக்கதே. எனினும் இயந்திரம் வந்த அன்றே தொழிலும் வந்துவிட்டதாக எண்ணுவது பெரும் பிழை. எம்முறையைத் தேர்ந்தெடுப்பது, கைத்திறனை எங்ஙனம் வளர்ப்பது என்னும் இரண்டைப் பற்றியும் நமது கருத்தை ஈண்டுக் கூற விழைகிறோம்.

வழக்கிலுள்ள முறைகள் நான்கு. ராடு என்னும் பூச்சிட்ட கம்பியைக் கொண்டு செய்வது ஆர்க் வெல்டிங். சுருளிலிருந்து கம்பி தானே வெளிவர, அதனைச் சுற்றி வாயுவைப் பாய்ச்சிச் செய்வது, பட்டறைகளில் ‘சி.ஓ.டூ.’ எனப்படுவது. டங்ஸ்டன் முனையினின்று எழும் சுடரை ஆர்கான் வாயுவால் காத்துச் செய்வது ஆர்கான் வெல்டிங். ஆக்சிஜனையும் அசிட்டிலீனையும் கூட்டி எரித்துச் செய்வது கேஸ் வெல்டிங். இந்நான்கில் புதிதாய்க் கற்கும் உழவரும் நெசவாளரும் முதலில் கைக்கொள்ளத்தக்கது ராடு முறையே என்பது நமது துணிபு.

இதற்குக் காரணங்கள் உண்டு. நமது வேலை பெரும்பாலும் வெட்டவெளியில் நடப்பது. சி.ஓ.டூ. முறையிலும் ஆர்கான் முறையிலும் உருகிய இரும்பைக் காப்பது வாயுத்திரை ஒன்றே. வயற்காற்று அத்திரையைக் கலைத்துவிடின் பற்று துளைபட்டுப் போகும். ராட்டின் மேற்பூச்சோ, எரியும்போது தானே புகைத்திரையாகவும் கசடாகவும் மாறி உருகிய இரும்பைக் காக்கிறது. வாயு உருளையைச் சுமக்க வேண்டியதில்லை. அதற்கு வாடகையும் இல்லை. மேலும் நாம் பற்றவைக்கும் இரும்பு பெரும்பாலும் 3 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பருமனுடையது. அதற்கு இம்முறை நன்கு பொருந்தும்.

“கம்பி முறையை ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாமே, ராடு முறைக்கு வாரக்கணக்கில் பழக வேண்டுமே” என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமானதே. வாயு வேண்டாத கம்பிகளும் இன்று கிடைக்கின்றன. ஆயினும் அம்முறையில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. மின்னோட்டம் போதாவிடினும் கம்பி உருகி வழிந்து கொண்டேயிருக்கும். மேற்பார்வைக்கு அழகான வரி அமையும். அடியிலுள்ள இரும்போ உருகியே இராது. அத்தகைய பற்று ஒட்டியதன்று, மேலே படிந்தது. ராடு முறையில் செய்த தவறு பெரும்பாலும் கண்ணெதிரே தெரியும். மின்னோட்டம் குறைந்தால் ராடு ஒட்டிக்கொள்ளும், மிகுந்தால் விளிம்பு அரிக்கப்படும். தவறுகளைக் கண்டிக்கும் ஆசிரியனே தொடக்கத்தில் நல்லாசிரியன் அன்றோ?

எனினும் ராடு முறை எல்லாவற்றிற்கும் மருந்தன்று. 2 மில்லிமீட்டருக்குக் குறைந்த தகட்டை அது எளிதில் துளைத்துவிடும். தெளிப்பான் தொட்டி, தகட்டுப் பெட்டி முதலியவற்றிற்குக் கம்பி முறையே மேல். துருப்பிடியா எஃகின் மெல்லிய வேலைக்கும் அலுமினியத்திற்கும் ஆர்கான் முறை கற்றவரிடம் செல்க. நெசவாளர்கள் சிறப்பாகக் கருத வேண்டியது வார்ப்பிரும்பு. விசைத்தறியின் பக்கச் சட்டங்கள் பெரும்பாலும் அவ்விரும்பால் ஆனவை. அதில் கரி மிகுதி; சாதாரண ராடு கொண்டு பற்றவைத்தால், ஆறும்போதே பற்றின் ஓரத்தில் ‘டிக்’ என்ற ஒலியோடு மீண்டும் பிளக்கும். அதற்கு நிக்கல் ராடு கொண்டு, ஓர் அங்குலத்திற்கு ஓர் அங்குலமாக இட்டு, ஒவ்வொன்றையும் சுத்தியால் மெல்லத் தட்டி, மெதுவாக ஆறவிடல் வேண்டும். அன்றேல் கேஸ் சுடரால் பித்தளை கொண்டு இணைத்தல் வேண்டும். இரண்டும் பழகிய கைக்கே உரியன.

இனிக் கைத்திறனைப் பற்றிக் கூறுவோம். புதிதாய்க் கற்போர் 6013 என்னும் எண்ணுடைய ராடுகளைக் கொண்டு தொடங்குதல் நலம். அவற்றில் சுடர் எளிதில் பிடிக்கும். 2.5 மில்லிமீட்டர் ராட்டிற்கு ஏறத்தாழ 60 முதல் 90 ஆம்பியர், 3.15 மில்லிமீட்டர் ராட்டிற்கு 90 முதல் 130 ஆம்பியர் என்பது பொது அளவு. பழைய இரும்புத் துண்டுகளை எடுத்து, துருவும் வண்ணமும் போகத் தேய்த்து, தரையில் கிடத்தி நேர்வரிகள் இட்டுப் பழகுக. நான்கு செய்திகளை மனத்திற் கொள்க: தக்க மின்னோட்டம், ராட்டின் பருமனளவே சுடரின் நீளம், இரும்பிற்கும் ராட்டிற்கும் இடையே 70 முதல் 80 பாகை சாய்வு, சீரான வேகம். நோக்கம் சுடரின்மேல் இருத்தலாகாது. அதன் பின்னே உருகி நிற்கும் குளத்தின்மேல் இருத்தல் வேண்டும். மழைக்காலத்தில் ராடுகளை ஈரம் படாது மூடிவைத்தலும் திறமையின் ஒரு பகுதியே.

வரி நேராக வந்த பின்னர், ஒரு தகட்டின்மேல் மற்றொன்றை நிமிர்த்தி நிறுத்தி ஒரு பக்கம் மட்டும் பற்றவைக்க. ஆறியதும் பற்றில்லாத பக்கத்திலிருந்து சம்மட்டியால் அடித்துப் பற்றின் பக்கமாகச் சாய்க்க. பற்று வளைந்து கொடுத்தால் நன்று. ஒடிந்தால் உள்ளே பாருங்கள். கறுத்த கசடு சிக்கியிருந்தால் ராடு சென்ற வேகமோ சாய்வோ தவறு. ஊசித்துளைகள் தெரிந்தால் ஈரமோ துருவோ நீண்ட சுடரோ காரணம். தகட்டின் விளிம்பு உருகாமல் அப்படியே தெரிந்தால் மின்னோட்டம் போதவில்லை. இங்ஙனம் தாமே பற்றவைத்து, தாமே ஒடித்துப் பார்க்கிறவர் விரைவில் தேறுவர். ஒடித்துப் பாராதவர் பத்தாண்டு செய்தாலும் தம் குறையை அறியார்.

தேறிய பின்னரும் கை வைக்கலாகாத இடங்கள் சில உள. ட்ரெய்லரை டிராக்டருடன் இணைக்கும் கொக்கியும் அதன் சட்டமும் அவற்றுள் முதன்மையானவை. பாரவண்டி சாலையில் கழன்றோடினால் அது ஒருவருடைய நட்டத்தோடு நில்லாது; எதிரே வருவோரின் உயிரையும் கேட்கும். கலப்பையின் வில்லெஃகுக் கால்கள் சூடு பட்டால் பற்றின் அருகே உடையும் தன்மையன. அவற்றை மாற்றுவதே முறை. மண்ணெண்ணெயோ பூச்சிமருந்தோ இருந்த பீப்பாய் காலியாகத் தோன்றினும் உள்ளே தங்கிய ஆவி வெடிக்கக் கூடும். அதனைத் தொடவே வேண்டாம். டிராக்டரில் வேலை செய்யுமுன் பேட்டரியின் இணைப்பைக் கழற்றுக. தறியில் வேலை செய்யும்போது எர்த் கிளாம்பைப் பற்றுமிடத்திற்கு அருகிலேயே மாட்டுக. பேரிங் வழியே மின்னோட்டம் பாய்ந்தால் அது பழுதாகும்.

உடல் நலத்தைப் பற்றியும் சொல்லாமல் விடுவதற்கில்லை. வெயிற்கண்ணாடி அணிந்து பற்றவைக்கும் வழக்கத்தை அறவே ஒழிக்க வேண்டும். சுடரின் புற ஊதாக் கதிர் பட்ட கண், சில மணி நேரங் கழித்தே மணல் அள்ளி இட்டாற்போல் உறுத்தும். 10 அல்லது 11 எண்ணுடைய கண்ணாடி பொருந்திய முகக் கவசம் வேண்டும். துத்தநாகம் பூசிய குழாயைப் பற்றவைத்தால் மாலையில் குளிரும் காய்ச்சலும் வரும். பூச்சை நீக்கி, காற்றோட்டத்தில் செய்க. பற்றவைப்புப் புகை புற்றுநோய் விளைக்கும் என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2017-இல் முடிவு செய்தது. நெசவுக் கூடத்துள் பஞ்சுத் துகள் படியாத இடமில்லை; பொறியோ 35 அடி வரை தெறிக்கும். கழற்றக் கூடியதை வெளியே கொணர்ந்து செய்க. இயலாவிடில் துகளைப் பெருக்கி நீக்கி, தண்ணீரும் மணலும் வைத்துக்கொண்டு, வேலை முடிந்த பின் ஒரு மணி நேரமாவது காவல் இருத்தல் கடமை.

இவையனைத்தையும் தனியொருவர் ஈட்டுதல் அரிது. மலிவான இயந்திரத்தை வாங்கிக் கவசத்தை வாங்காமல் விடுவதே தனிமனிதர் இயல்பாக இருக்கிறது. இங்கேதான் கூட்டுறவின் பயன் விளங்குகிறது. தமிழ்நாட்டில் பல தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் டிராக்டரையும் கருவிகளையும் வாடகைக்கு அளித்து வருகின்றன. அதே வழியில் ஒவ்வொரு சங்கமும் நல்ல இயந்திரம் ஒன்று, முகக் கவசம் இரண்டு, தோலுறைகள், உலர்ந்த ராடுகள் ஆகியவற்றைக் கிடங்கில் வைத்து அங்கத்தினர்க்கு அளிக்கலாம். தொழிற்பயிற்சி நிலையங்களில் ஓராண்டுப் பற்றவைப்புப் பயிற்சி பெற்ற இளைஞர்கள் ஊர்தோறும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குத் தக்க ஊதியம் அளித்து, வாரம் ஒரு நாள் பயிற்சி நடத்தச் செய்யலாம். பயிற்சியில் ஒடித்துக் காட்டித் தேறியவர்க்கே இயந்திரம் என்று விதி செய்தல் வேண்டும். பம்புக்கென அளிக்கப்பட்ட கட்டணமில்லா மின்சாரத்தை இவ்வேலைக்குத் திருப்புவது சட்டத்திற்கு முரண் என்பதையும் சங்கமே எடுத்துரைக்க வேண்டும்.

ஒருவர் செய்த பற்றின் உறுதியை நம்பி மற்றொருவர் ஏர் ஓட்டுகிறார்; வேறொருவர் தறியின் முன் அமர்கிறார். ஆதலின் அரைகுறையான பற்று அளவு குறைந்த படிக்கு ஒப்பானது. சங்கத்தின் கடையில் அதனை நாம் பொறுப்பதில்லை; சங்கத்தின் பட்டறையிலும் பொறுத்தலாகாது. அடுத்த பொதுக்குழுவில் இதனை ஆராய்ந்து, உழவுப் பருவம் தொடங்குமுன் ஆவன செய்யுமாறு அங்கத்தினர்களை வேண்டிக்கொள்கிறோம்.