புழு வாங்காதீங்க, தீனி போடுங்க

மாடித்தோட்டம் வச்சிருக்கிற நண்பர்கள் போன் பண்ணினா தவறாம வர்ற கேள்வி: "தொட்டிக்கு எத்தனை மண்புழு வாங்கி விடணும்?" என் பதில், ஒண்ணுகூட வேணாம். புழு மேல கோபம் இல்லை. காரணம் அதோட குடலுக்குள்ள இருக்கு.

மண்புழுவுக்குப் பல் கிடையாது. விழுங்கின மண்ணை அரைவைப்பைதான் அரைக்குது. முன்னெல்லாம் கல்லூரியில அறுத்துப் பார்த்தாங்களே, அந்த ஃபெரிடிமா இனத்துல குடல் 15ஆவது வளையத்துல ஆரம்பிக்குது. 26ஐத் தாண்டினதும் குடலோட மேல்சுவர் உள்பக்கமா மடிஞ்சு, நீளவாக்குல தொங்கிக்கிட்டே போகும். இதுக்கு டிஃப்ளோசோல்னு பேர். கிரேக்கத்துல குருட்டுக் குழாய்னு அர்த்தமாம். பேர்ல என்ன இருக்கு, வேலையைப் பாருங்க. புழு தின்கிற மண்ணுல பெரும்பகுதி மணலும் களியும்தான், சத்து துளியூண்டு. நிறையத் தின்னு கொஞ்சம் எடுக்கணும். குடலைத் தடிமனாக்கினா வளைக்குள்ள நுழைய முடியாது. அதனால உள்ளுக்குள்ளயே மடிச்சுப் பரப்பைக் கூட்டிக்கிச்சு. வீட்டுல ஆட்டுப் போட்டி கழுவினவங்களுக்கு இது புதுசா இருக்காது. அந்தத் துண்டு மாதிரி சொரசொரப்பும் பரப்பைக் கூட்டத்தான்.

இந்த உத்தி புழுவுக்கு மட்டும் சொந்தமில்லை. குளிர்நாட்டு ஆறுகள்ல லாம்ப்ரேனு தாடையே இல்லாத மீன் இருக்கு. அதுக்கு இரைப்பையும் கிடையாது, நேரா குடல்தான். அந்தக் குடலுக்குள்ளயும் ஒரு மடிப்பு சுருண்டு ஓடுது. சிப்பி, மட்டி வகைகள்லயும் இதே பேர்ல மடிப்பு உண்டு. ஆனா அதோட இரைப்பையில மடிப்புக்கு வேற வேலையும் இருக்கு. நுண்மயிர்களை அசைச்சு, வேண்டாத துகளைப் பிரிச்சுக் குடல் பக்கம் தள்ளிவிடும். நம்ம வீட்டுல முறத்துல புடைக்கிற மாதிரின்னு வச்சுக்கங்க. ஒண்ணைப் பார்த்து ஒண்ணு கத்துக்கலை, தனித்தனியா வந்து சேர்ந்தது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். எல்லாப் புழுவுக்கும் மடிப்பு ஒரே மாதிரி இல்லை. ஐரோப்பிய மண்புழுக்களை அறுத்துப் பார்த்தவங்க கண்டது இது: பாதி மக்கின இலைதழையைத் தின்கிற இனங்களுக்கு மடிப்பு எளிமையா இருக்கு, மண்ணோட சேர்ந்த மட்கைத் தின்கிற இனங்களுக்குக் கிளை கிளையா சிக்கலா இருக்கு. தீனிக்கு ஏத்த குடல். கடையில கிலோ கணக்குல விக்கிற ஐசீனியா, அந்த முதல் கூட்டத்தைச் சேர்ந்தது. யூட்ரிலஸ் வேற குடும்பம்தான், ஆனா அதுவும் மேலாக்கக் கிடக்கிற சாணம், குப்பையில வாழுற புழு. உரக்குழியில இந்த ரெண்டும் சூரப்புலி, நானும் மறுக்கலை. அதைக் கொண்டுபோய் வெறும் மண்ணுல விட்டா என்ன தின்னும்? செத்துப்போகும், இல்லைன்னா இடத்தைக் காலி பண்ணும். வெயில்ல கொதிக்கிற மாடித்தொட்டியில இன்னும் சீக்கிரம். இதைச் சொல்லாம, ஏக்கருக்கு இத்தனை கிலோ விடுங்கன்னு பயிற்சி முகாம்லயே வித்துக்கிட்டு இருந்தாங்க. எனக்கு அது வியாபாரமாத்தான் தெரியுது.

டார்வின் 1881ல மண்புழுவுக்குன்னே ஒரு புத்தகம் எழுதினார். பத்து வருசம் கழிச்சு வந்த நம்ம மனோன்மணீயத்துல நடராசன் நாங்கூழ்ப்புழுவைக் கூப்பிட்டுப் பாராட்டுறான். ரெண்டு பேரும் பேசினது, யாரும் காசு கொடுத்து வாங்காம மண்ணுல தானா இருந்த புழுவைப் பத்தி.

அந்தப் புழு இன்னும் நம்ம நிலத்துல இருக்கு. தீனிதான் இல்லை. வைக்கோலைக் கொளுத்துறோம், சருகைக் கூட்டி வெளியில கொட்டுறோம், ரோட்டவேட்டரை விட்டு வருசத்துக்கு நாலு தடவை அரைக்கிறோம். அப்புறம் புழுவைக் காணோம்னு கடைக்குப் போறோம்!

நகரத்துல வீட்டைச் சுத்திக் கொஞ்சம் தரை இருந்தா, அங்க விழுற இலையை மாநகராட்சி வண்டியில ஏத்தாதீங்க. மரத்தடியிலயே நாலு விரல் கனத்துக்குப் பரப்பி, சாணம் கிடைச்சா கரைச்சுத் தெளிச்சு, ஈரம் காயாம வச்சிருங்க. தொட்டி மட்டும்தான்னா மண்புழு உரத்தை வாங்கிப் போடுங்க, புழுவை வேணாம். மழை விட்ட ரெண்டாம் நாள் காலையில அந்த இலையை லேசா விலக்கிப் பாருங்க. குருணை குருணையா நாங்கூழ் மண் கிடந்தா எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்க.