மூக்குக்கு முன் படத்தைப் பாருங்கள்

மூக்கை ஒடுக்க வேண்டும், தாடையைக் கூராக்க வேண்டும் என்று மருத்துவரிடம் வருகிறவர்கள் முன்பெல்லாம் நடிகர் நடிகையரின் படங்களைக் காட்டுவார்கள். இன்று கைபேசியை எடுத்துத் தங்கள் படத்தையே நீட்டுகிறார்கள். ஃபில்டர் போட்டுத் தோலை வழவழப்பாக்கி, கண்ணைப் பெரிதாக்கிய படம். அந்தப் படம்போலவே ஆக வேண்டும் என்ற நாட்டத்துக்கு 'ஸ்னாப்சாட் டிஸ்மார்ஃபியா' என்று பெயரும் வந்துவிட்டது. செல்ஃபியில் நன்றாகத் தெரிவதற்காகவே சிகிச்சை கேட்டு வருபவர்களைக் கண்டதாக, அமெரிக்க முகச் சீரமைப்பு மருத்துவர் சங்கத்தின் 2017 கணிப்பில் 55 சதவீத மருத்துவர்கள் சொன்னார்கள்.

அந்தச் செல்ஃபியிலேயே கோளாறு இருக்கிறது. கேமராவை முகத்துக்கு 12 அங்குலத்தில் பிடித்தால், மூக்கு உள்ளதைவிட ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாக விழும் என்று ரட்கர்ஸ், ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2018-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். காரணம் எளியது. முகத்தில் லென்ஸுக்கு மிக அருகில் இருப்பது மூக்கு. கன்னமும் காதும் பின்தங்கி நிற்கின்றன. கேமரா ஐந்தடி தள்ளிப்போனால் இந்த வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிடும். ஆக, 'என் மூக்கு பெரிது' என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. தினமும் அவர் பார்ப்பது அப்படித்தான் இருக்கிறது.

படத்தை அழகாக்கிக் காட்டுவதுபோல் மனிதர் பிறர் முன் வேடம் கட்டுவது புதிதல்ல. அன்றாட வாழ்வையே மேடையாகவும் ஒப்பனை அறையாகவும் பிரித்துக் காட்டினார் சமூகவியலாளர் எர்விங் காஃப்மன். அவர் காலத்து மேடையில் கைதட்டலை யாரும் எண்ணி முகத்தருகே எழுதிவைக்கவில்லை. 2009-இல் ஃபேஸ்புக் கொண்டுவந்த 'லைக்' அதைச் செய்தது. இன்ஸ்டாகிராம் 2019-இல் அந்த எண்ணிக்கையை மறைத்துப் பார்த்தது. 2021-இல் மறைப்பதும் காட்டுவதும் பயனர் விருப்பம் என்று விட்டுவிட்டது. தன் உடலைப் பற்றி ஏற்கெனவே வருந்தும் பதின்வயதுப் பெண்களில் மூவரில் ஒருவருக்கு இன்ஸ்டாகிராம் அதை மோசமாக்குகிறது என்று அந்நிறுவனத்தின் உள் ஆய்வே சொன்னது அதே ஆண்டில் வெளியே கசிந்தது.

இதில் மருத்துவர்களுக்கும் பங்கு உண்டு. 'சிகிச்சைக்கு முன், பின்' படங்கள் அதே திரையில், அதே லைக்குகளுக்காகத்தான் ஓடுகின்றன. இரண்டு படங்களுக்கும் வெளிச்சமும் தூரமும் ஒன்றுதானா என்பதைப் பார்ப்பவர் அறிய வழியில்லை. நோயாளிகளின் படங்களைப் பகிரக் கூடாது என்று இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் விதி வகுத்தது. அந்த மாதமே விதிகள் நிறுத்திவைக்கப்பட்டன. அத்தகைய படங்களை நிறுத்த, விதி வரும்வரை மருத்துவர்கள் காத்திருக்கத் தேவையில்லை.

வருகிறவர்களில் சிலருக்கு உண்மையில் இருப்பது தோற்றக்குறை மனநோய். அவர்களுக்குக் கத்தி அரிதாகவே நிம்மதி தரும். மூக்கு முடிந்தால் கவலை தாடைக்குத் தாவும். மனநல சிகிச்சைக்குத்தான் அது கட்டுப்படும். எனவே, மருத்துவர்களே, முதல் சந்திப்பிலேயே ஐந்தடி தள்ளி நின்று, ஃபில்டர் இல்லாமல் ஒரு படம் எடுங்கள். அவர் கொண்டுவந்த படத்தோடு அதைப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். ஒரு நாளில் எத்தனை முறை கண்ணாடியும் கேமராவும் பார்க்கிறார் என்று கேளுங்கள். சந்தேகம் வந்தால், அறுவைக்குத் தேதி குறிக்கும் முன் மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள்.